படிப்புக்குப் போட்ட மொட்டை

1

படிப்பு தங்களை எப்படி உயர்த்தியது என்று கடல் கடந்து வாழும் தமிழர்கள் எழுதி அனுப்ப வேண்டும் என்று உங்கள் பத்திரிகையில் கேட்டிருந்தீர்கள். என் வீட்டுக்காரர் அதைச் சத்தம் போட்டுப் படித்துவிட்டு, "உனக்கோசரமே கேட்டுகினு இருக்கான் பாரு, எழுது" என்றார். சரி, எழுதுகிறேன். நீங்கள் எதிர்பார்த்தது இதுவாக இருக்காது. பிடிக்காவிட்டால் அடுப்பில் போடுங்கள், நான் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நாங்கள் இருப்பது இலங்கையில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். நான் தோட்டப் பாடசாலையில் டீச்சர். வீட்டுக்காரர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்கு மருந்து கலக்கிக் கொடுப்பவர். இரண்டு பெண்கள். மூத்தவள் சரோஜா டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் போகிறாள். சின்னவள் தமயந்திக்கு இந்த விஜயதசமியன்று முதல் எழுத்து எழுதிவைக்க நாள் பார்த்தோம்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, பிள்ளையை மடியில் உட்காரவைத்து, அதன் விரலைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதவைப்பது. பிடிக்கிற கை படித்த கையாக இருக்க வேண்டும் என்பார்கள். எங்கள் வீட்டில் படித்த கை என்னுடையது. இந்தத் தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு விரலைப் பிடித்து எழுதக் கற்றுக் கொடுத்தவள் நான். அதனால் யார் கை என்ற கேள்வியே எழாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

விஜயதசமிக்குச் சில நாள் முன்பு வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கர் ஐயாவைக் கூப்புட்டுட்டேன். அவரே வந்து பாப்பா கையைப் புடிப்பாரு."

"ஏன், நான் இன்னாத்துக்கு இருக்கேன்?"

"நீ வீட்டு மனுஷி, எப்ப வேணா புடிக்கலாம். அவரு பி.ஏ. படிச்சவரு. பெரிய எடத்து மனுஷன்." கொஞ்சம் குரலை இறக்கினார். "நம்ம கை எதுக்கு, கன்னிமா?"

கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். வைத்தேன் என்ன, போட்டேன். நம்ம கை. இந்த வார்த்தையை நான் இதற்கு முன்பும் ஒரு முறை கேட்டிருக்கிறேன். என் பெண்ணின் விரலை நான் பிடிப்பதா, கிளாக்கர் பிடிப்பதா என்று அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சண்டை. அந்தச் சண்டைக்குள் இன்னொரு கதை இருக்கிறது. அதைச் சொன்னால்தான் இது புரியும்.

2

நான் பள்ளிப்பட்டுப் பக்கத்தில் ஒரு சேரியில் பிறந்தவள். என் நைனா அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். சேரிப் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் வைத்த பள்ளிக்கூடத்தில் படித்தேன். அங்கிருந்து வேலூரில் விடுதி, பிறகு டீச்சர் டிரெயினிங். விடுதியில் எந்நாளும் சாம்பார், ரசம், மோர். கறி மீனைக் கண்ணில் காட்ட மாட்டார்கள். வருஷக்கணக்கில் அதையே தின்று, கடைசியில் கறி வாசனை வந்தாலே எனக்குக் குமட்ட ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டுக் கதை எதற்கு என்று கேட்காதீர்கள். அந்தச் சாம்பார்தான் பிற்பாடு எனக்கு வினையாக வந்தது.

யுத்தம் தொடங்கிய புதிதில், திருத்தணிக்கும் கனகம்மாசத்திரத்துக்கும் நடுவே ஒரு கிராமத்தில் எனக்கு வேலை போட்டார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம். பள்ளிக்கூட வாசலில் நின்றால் தணிகை மலை தெரியும். பள்ளியை ஒட்டி ஓர் அறை கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்த வாரமே அந்த ஊர் மணியக்காரர் வீட்டிலிருந்து கோழிக் குழம்பு வந்தது. எனக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பினேன். அன்று பொழுது சாய்வதற்குள் நான் உயர்ந்த ஜாதி ஆகிவிட்டேன்.

நான் பொய் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவுமில்லை. கறி தின்னாத, புத்தகத் தமிழ் பேசுகிற, தெலுங்கும் தெரிந்த ஒரு பொம்பளையிடம் போய் 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்பது மரியாதையில்லை என்று அவர்களே தீர்மானித்துவிட்டார்கள். மணியக்காரர் என்னிடம் பேசும்போது மேல்துண்டை இழுத்துப் போர்த்திக்கொள்வார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். அப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு நிறைய வரும், வயசு அப்படி.

அந்த ஊர்ச் சேரியில் ஒரு பிள்ளைகூடப் பள்ளிக்கூடம் வந்ததில்லை. நான் போய் வீடு வீடாகக் கேட்டேன். அங்கம்மா என்று ஒருத்தி, மணியக்காரர் கழனியில் நடவு நடுபவள், புருஷன் இல்லாதவள், முதலில் தன் பெண்ணை அனுப்பினாள். பெண் பெயர் பூங்காவனம். சொன்னதை ஒரு தரம் கேட்டால் போதும், மறுநாள் திருப்பிச் சொல்வாள். அவள் வந்ததும் இன்னும் சில பிள்ளைகள் வந்தார்கள். ஊரில் முணுமுணுத்தார்கள். ஆனால் தடுக்கவில்லை. "டீச்சரம்மாவுக்குப் பெரிய மனசு" என்றார்கள். மேலே இருப்பவள் கீழே குனிந்து புண்ணியம் தேடுகிறாள் என்று கணக்கு. புண்ணியத்துக்கு யாரும் குறுக்கே நிற்க மாட்டார்கள் அல்லவா?

விஜயதசமி வந்தது. ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குள்ளே, ஆளுக்கொரு தட்டில் பச்சரிசி. சேரிப் பிள்ளைகள் வெளித் தாழ்வாரத்தில், முறத்தில் கேழ்வரகு. எல்லாப் பிள்ளைகளையும் மடியில் வைத்து விரலைப் பிடித்து எழுதவைத்தேன். மணியக்காரர் பேத்தி சுசீலா அரிசியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டாள். பூங்காவனம் நான் எழுதவைத்ததும் என் கையை விலக்கிவிட்டு, தானே இன்னொரு 'அ' போட்டு, "சரியா?" என்று கேட்டாள். ஊர்த் தாய்மார்கள் அந்த அரிசியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாயசம் வைத்துத் தின்றார்கள். என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. படித்தால் எல்லாம் மாறும் என்று விடுதியில் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்களே, மாறிவிட்டது என்றே நினைத்தேன்.

3

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தி, எழுந்து போய்ப் பாடசாலை மணி அடித்துவிட்டு வந்தேன். மலையில் மூடுபனி இறங்கினால் பிள்ளைகளுக்குப் பலகையே தெரியாது. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார்கள் விட்டுப்போகிற கைக்குழந்தைகளும் பாடசாலையில்தான் கிடக்கும். தோட்டத்து ஜனங்கள் திருச்சி, சேலம், மதுரைப் பக்கத்தவர்கள். நான் வாய் தவறி "இன்னாடா எழுதிகினு கீறே" என்று சொல்லிவிட்டால் வகுப்பே சிரிக்கும். போன வாரம் ஒரு வாண்டு என் முன்னாலேயே என்னைப் போலப் பேசிக் காட்டினான். நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

சரோஜா என்னை மம்மி என்கிறாள். ரொட்டிக்காரனிடம் சிங்களம் பேசுகிறாள், தங்கையிடம் இங்கிலீஷ். அரிசி ரேஷனில் வருகிற இந்தக் காலத்தில் தாம்பாளத்தில் அரிசியைக் கொட்டி எழுதப் போகிறோம் என்றதும், "அரிசியை ஏன் வேஸ்ட் பண்றீங்க மம்மி? சிலேட் இருக்கே" என்றாள். கேள்வி நியாயம்தான். அவளுக்கு முதல் எழுத்து எழுதிவைத்தது அவள் பள்ளிக்கூடத்து வெள்ளைக்கார மதர். அதுவும் வீட்டுக்காரர் ஏற்பாடுதான். அப்போது எனக்குப் பிரசவம் முடிந்து சில மாதம் காய்ச்சல், வாதாடத் தெம்பு இல்லை.

கப்பல் ஏறும் முன், ஆட்களைச் சோதித்து அனுப்புகிற காம்பில் என்னிடம் தொழில் என்ன என்று கேட்டார்கள். டீச்சர் என்றேன். எழுதுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு 'கூலி' என்று எழுதினார். இப்போது இங்கே சுதந்திரம் வந்து, எங்களையெல்லாம் எந்த நாட்டுக்காரர்கள் என்று கேட்கிறார்கள். பிரஜாவுரிமைக்கு மனுப் போட வேண்டும், இத்தனை வருஷம் இங்கேயே இருந்தோம் என்று பெரிய மனிதர் ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். எங்களுக்குச் சாட்சி சொல்லக்கூடியவர் பெரிய கிளாக்கர். அவரை வீட்டுக்கு வரவழைக்க என் வீட்டுக்காரர் ஏன் அவ்வளவு துடித்தார் என்பது இப்போது உங்களுக்கும் விளங்கியிருக்கும். அங்கே திருத்தணி தமிழருக்கா தெலுங்கருக்கா என்று சண்டை ஆரம்பித்திருப்பதாகப் படித்தேன். யாருக்குப் போனாலும் எங்கள் சேரிக்கு ஒரு கிணறு வெட்டச் சொல்லுங்கள்.

4

அந்தத் திருத்தணிப் பக்கத்து ஊரில், விஜயதசமி கழிந்து சில நாளில் என் நைனா வந்தார். கிருத்திகைக்குத் தணிகை மலைக்கு வந்தவர், அப்படியே என்னையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று, ஒரு மூட்டை அவரைக்காயைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்கு வந்துவிட்டார். வாசலில் மணியக்காரர் நின்றிருந்தார். அவரைக் கண்டதுதான் தாமதம், நைனா மூட்டையை இறக்கினார், தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கினார், பாதையை விட்டு இறங்கி முள்ளில் போய் நின்றார். யாரும் அவரை நிற்கச் சொல்லவில்லை.

"கும்புடறேன் சாமி."

"யாருப்பா நீ? எந்த ஊரு?"

"பள்ளிப்பட்டாண்ட சாமி. பொண்ணைப் பாக்க வந்தேன். டீச்சரம்மா எங்க பொண்ணு."

அந்த முகத்தில் இருந்த பெருமையை நான் எப்படிச் சொல்ல? என் நைனா மேல் எனக்கு அன்று வந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை. ஒரு நிமிஷம் பாதையில் நின்றிருக்கக் கூடாதா மனுஷன்? பாவம், அவரைச் சொல்லி என்ன பயன். அவருக்குக் கற்றுக் கொடுத்த பாடம் அது.

மணியக்காரர் அப்போதே கிளம்பிப் போய்விட்டார். மறுநாள் மத்தியானம், பிள்ளைகள் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் தனியாக வந்தார். உட்காரவில்லை. நீ என்று பேசினார், அதிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"உன்னை மாத்திட்டு வேற ஆளைக் கொண்டாறது எனக்குப் பெரிசில்ல. ஒரு மனு போட்டா போதும். ஆனா ஏன்னு கேப்பான். இன்னான்னு சொல்றது? பத்து ஊருக்குத் தெரிஞ்சிபோவும். ஊர் மொத்தமும் அந்த அரிசியில பாயசம் வச்சித் துன்னுட்டு ஒக்காந்துகினு கீறோம். நாளைக்கு எங்க பொண்ணுங்களை எவன் கட்டுவான்?"

"நான் மறைக்கலீங்க. நீங்க கேக்கல."

"கேக்கல. தப்பு எங்களுது. அதான் நாங்களே கழிச்சிக்கறோம். மலைக்குக் கூட்டிகினு போய்ப் புள்ளைங்களுக்கு மொட்டை போட்டு, பொய்கையில முங்க வச்சிக் கூட்டியாறோம். படிப்புக்கு வேண்டுதல்னு சொல்லிக்கறோம். நீ பாட்டுக்குப் பாடம் சொல்லு. தொடாதே. வாயைத் தொறக்காதே."

அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் எரிச்சல். தன் ஊர்ப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டவர். என் பாடம் வேண்டும், என் கைதான் வேண்டாம். நான் சரி என்றேன். போய்விட்டால் பூங்காவனத்துக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் யார் சொல்லிக் கொடுப்பார்கள்? அவர்களைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்தி வைக்க வேண்டும், அதற்கு நான் அங்கே இருக்க வேண்டும். அதற்காக எதை வேண்டுமானாலும் விழுங்கலாம் என்று இருந்தேன்.

அடுத்த வாரம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். சுசீலா தன் ஜடை போன துக்கத்தில் விக்கி விக்கி அழுதாள். "எனக்குப் படிப்பு ஏறணுமாம் டீச்சர், அதுக்கு எதுக்கு என் ஜடை?" என்று என்னைக் கேட்டாள். தலையைத் தடவிக் கொடுக்கக் கை போனது. பின்னால் கட்டிக்கொண்டேன்.

5

இனி நடந்ததை எங்கள் ஜனங்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு எதற்கு மொட்டை என்று அங்கம்மா கழனியில் கேட்டிருக்கிறாள். படிப்பு ஏறுவதற்கு மலைக்கு வேண்டுதல் என்று மணியக்காரர் சம்சாரமே சொல்லியிருக்கிறாள். அங்கம்மா அதை அப்படியே நம்பினாள். அடுத்த கிருத்திகைக்குச் சேரிப் பிள்ளைகள் அத்தனை பேரையும் ஓட்டிக்கொண்டு திருத்தணிக்கு நடந்து போய், எல்லாருக்கும் மொட்டை போட்டுக் கூட்டி வந்துவிட்டாள். தனக்கும் போட்டுக்கொண்டாள். பூங்காவனத்துக்கு மலையடியில் ஒரு புதுப் பாவாடை.

"ஊர்ப் புள்ளைங்களுக்கு மட்டும் படிப்பு ஏறணும், எங்க புள்ளைங்களுக்கு வேணாமா டீச்சரம்மா? அதான் போய்ட்டு வந்துட்டோம்!" முகமெல்லாம் சிரிப்பு.

"உனக்கு எதுக்குடி மொட்டை?"

"நான்தானே வேண்டிகினேன். பொண்ணுக்கு மட்டும் போட்டுட்டுச் சும்மா வந்தா சாமி ஒத்துக்குமா?"

"நீங்க எந்த எடம்னு அங்க யாரும் கேக்கலியா?"

"மலையாண்ட அந்தக் கூட்டத்துல எவன் கேக்கறான்? தலை கெடச்சா போதும்னு கீறான்."

என் கை தொட்டதைக் கழிக்க ஊர் போட்ட மொட்டையை, என் ஜனங்கள் ஆசையாகப் போய்ப் போட்டுக்கொண்டு வந்து நிற்கிறார்கள். சிரிக்கவா அழவா? அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டையும் செய்தேன்.

அந்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. தாழ்வாரம் முழுக்கத் தண்ணீர். சேரிப் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுவிட்டேன். எல்லாம் மொட்டை, எல்லாம் ஒரே ஈரம். யார் யாரோடு உட்கார்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை. சுசீலாவும் பூங்காவனமும் ஒருத்தி தலையை ஒருத்தி தடவிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த மழையிலா பள்ளிக்கூட டிப்டி இன்ஸ்பெக்டர் ஜட்கா வண்டியில் வந்து இறங்க வேண்டும்! அவரை வரவேற்க மணியக்காரர் மாலையோடு பின்னாலேயே ஓடி வந்தார்.

இன்ஸ்பெக்டர் ஆசாரமான மனிதர், நெற்றி நிறையச் சின்னம். முன் வரிசையில் புதுப் பாவாடையைக் காட்டி, "நீ படி" என்றார். பூங்காவனம் எழுந்து நிறுத்தி நிதானமாக ஒரு பக்கம் படித்தாள். அவர் மகிழ்ந்து போய் அவள் மொட்டைத் தலையில் கையை வைத்து, "மணியக்காரரே, உம்ம பேத்தி இங்கே படிக்கிறாள் என்றீரே, இவள்தானே? உம்ம வீட்டு மூளைதான் ஓய்!" என்றார்.

மணியக்காரர் வாயைத் திறந்தார். இல்லை, அது சேரிப் பெண் என்றால், அவ்வளவு பெரிய மனிதரைத் தொட வைத்த பாவம் அவர் தலையில் விழும். மாலையை இன்ஸ்பெக்டர் கழுத்தில் போட்டுவிட்டு, "ஆமாங்க" என்றார்.

"தாத்தா, நான்தானே உன் பேத்தி!" என்று சுசீலா ஓவென்று அழ ஆரம்பித்தாள். குழந்தைகள் விளையாட்டு என்று இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டுக் கிளம்பினார்.

6

மறுநாள் காலை சேரி ஜனங்களுக்குக் கழனியில் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பக்கம் பிள்ளைகள் வரக்கூடாது. மொட்டை போட்டு ஊரை நையாண்டி செய்துவிட்டார்களாம். நான்தான் சொல்லிக் கொடுத்தேன் என்று மணியக்காரர் நம்பினார்.

அங்கம்மா நேராக என்னிடம் வந்தாள். பூங்காவனமும் கூட வந்தாள்.

"ஊரு பண்ணதைத்தானே நாங்களும் பண்ணோம்? அதுல இன்னாம்மா தப்பு?"

என்ன சொல்ல? வாயைத் திறக்காதே என்றுதான் பேச்சு. ஆனால் அவள் மொட்டைத் தலையோடு என் முன்னால் நின்று, தான் செய்த தப்பு என்ன என்று கேட்கிறாள். டீச்சர் என்று ஒரு பெயரை வைத்துக்கொண்டு அந்தக் கேள்விக்கு எப்படிப் பொய் சொல்வேன்? எல்லாவற்றையும் சொன்னேன். நைனா வந்தது, பாயசம், வேண்டுதல் என்று கட்டிய கதை, எல்லாம்.

அங்கம்மா என்னையே பார்த்தாள். "நீ நம்ம ஜனமா?"

"ஆங்."

கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். நம்மில் ஒருத்தி டீச்சராகிவிட்டாள் என்று தெருவெல்லாம் சொல்லுவாள் என்று நினைத்தேன். பைத்தியக்காரி நான். அவள் தரையில் உட்கார்ந்து தலையைத் தடவிக்கொண்டாள். பிறகு மகளின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப எம் பொண்ணுக்கு மொதோ எழுத்து எழுதுனது நம்ம கையா?"

"அதனால இன்னா அங்கம்மா? எழுத்து ஒண்ணுதானே? அவ எப்டிப் படிக்கிறான்னு நீயே பாத்தியே."

"நம்ம கையால எழுதி இன்னாம்மா ஆவப்போவுது? நம்ம கைக்கு அந்த ராசி இருந்தா நாம ஏன் இப்டிக் கீறோம்?"

வேதனையாகத்தான் சொன்னாள், வெறுப்பில்லை. விடுதியில் எனக்கு இலக்கணம் கற்றுக் கொடுத்தார்கள், கணக்குக் கற்றுக் கொடுத்தார்கள். இதற்கு ஒன்றும் கற்றுக் கொடுக்கவில்லை.

சேரிப் பெரியவர்கள் போய் மணியக்காரர் காலில் விழுந்தார்கள். தெரியாமல் நடந்துவிட்டது, வேலை கொடுங்கள் என்றார்கள். அதோடு, நீங்களே எங்கள் பிள்ளைகளுக்கு முதல் எழுத்து எழுதிவையுங்கள் என்றும் கேட்டார்கள். மணியக்காரருக்கு மனசு குளிர்ந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருந்த களத்தில் கட்டிலைப் போட்டு உட்கார்ந்து, மாடு ஓட்டுகிற தார்க்குச்சியை நீட்டிப் புழுதியில் ஓர் 'அ' போட்டார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்து குனிந்து அதன்மேல் விரலை ஓட்டிவிட்டுப் போயின. புத்தகம் படிக்கிற பூங்காவனமும் குனிந்து ஓட்டினாள். நான் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த 'அ'வுக்கு வால்கூடச் சரியாக இல்லை.

பிள்ளைகள் மறுபடி வந்தார்கள். மழையோ வெயிலோ, இனி வெளியேதான். அங்கம்மா கூடவே வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "கோச்சிக்காதம்மா. நீ நல்லாச் சொல்லிக்குடு. கையை மட்டும் புடிக்காதே."

மணியக்காரர் இதையே சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. அங்கம்மா சொன்னபோது எரியக்கூட இல்லை. அந்த வருஷம் முடியும் வரை ஒரு பிள்ளையையும் தொடாமல் பாடம் சொன்னேன். இலங்கையில் வேலை செய்கிற மாப்பிள்ளை ஒருவர் அம்மையார்குப்பத்துப் பக்கம் பெண் பார்க்க வந்திருக்கிறார் என்று நைனா சொல்லி அனுப்பினார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல் சரி என்றேன். பூங்காவனம் நான் போன பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை என்றும், நடவுக்குப் போகிறாள் என்றும் பின்னால் கேள்விப்பட்டேன்.

7

இந்தக் கதை முழுதும் என் வீட்டுக்காரருக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் சொல்லி அழுதிருக்கிறேன். அப்போது என்னைவிட அவருக்குத்தான் கோபம் வந்தது. அந்த மனிதர்தான் இப்போது கிளாக்கரைக் கூப்பிட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

"உனக்கு நடந்தது எனக்குத் தெரியாதா? அதனாலதான் சொல்றேன்," என்றார். "நம்ம பொண்ணுக்கும் அப்டி ஆவணுமா? அவரு கை பட்டா நாளைக்கு நாலு பேர் மதிப்பான். சாட்சிக்கும் ஆச்சு. ரோசத்தை வச்சிகினு இன்னா பண்றது, சொல்லு."

"எம் பொண்ணு கையை நான் புடிக்கறதுக்கு எவன் மதிக்கணும்?" என்றேன். சரோஜா காதைப் பொத்திக்கொண்டாள். விஜயதசமிக்கு முந்தின நாள்வரை இதே பேச்சு.

விஜயதசமியன்று விடிந்ததும் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். கிளாக்கர் பத்து மணிக்கு மேல்தான் வருவார். அதற்கு முன்பே நானே எழுதிவைத்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? பிள்ளையைக் குளிப்பாட்டிப் பொட்டு வைத்தேன். அரிசியைப் பரப்பினேன். மடியில் உட்காரவைத்து, அந்தச் சின்ன விரலைப் பிடித்தேன். கையெல்லாம் சூடாக இருந்தது அவளுக்கு. அரிசியில் விரலை வைக்கப் போனோம்.

வாசலில் செருப்புச் சத்தம். "ஐயா முன்னாடியே வந்துட்டாங்க!" என்று வீட்டுக்காரரின் குரல்.

எழுந்துவிட்டேன். பிள்ளையை இறக்கிவிட்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, சுவரோரம் போய் நின்றேன். ஒருவரும் என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை. வந்தவர்கூட, "உட்காருங்க டீச்சர்" என்றுதான் சொன்னார்.

கிளாக்கர் நல்ல மனிதர். பிள்ளைக்குப் புதுச் சிலேட்டு வாங்கி வந்திருந்தார். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தமயந்தியை மடியில் வைக்காமல் எதிரே உட்காரவைத்து, விரலைப் பிடித்து 'அ' எழுதவைத்தார். அழகான எழுத்து. "நல்லாப் படிக்கணும் பாப்பா, அம்மா மாதிரி" என்றார். சுண்டல் கொடுத்தேன். வயிறு சரியில்லை என்றார். பிரஜாவுரிமை மனுவைக் கொண்டு வா, பார்க்கலாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். வீட்டுக்காரருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கிளாக்கர் போகும்போது வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணி கொடுங்க" என்றார். குடிக்க என்று நினைத்துச் செம்பை நீட்டினார் என் வீட்டுக்காரர். கிளாக்கர் இரண்டு கைகளையும் நீட்டினார். வீட்டுக்காரர் குனிந்து தண்ணீரை ஊற்ற ஊற்ற, அவர் விரல் விரலாகத் தேய்த்து, முழங்கை வரைக்கும் கழுவிக்கொண்டார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு போய்விட்டார்.

தமயந்தி நிலைப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மாமா இன்னாத்துக்குக் கையைக் கழுவுனாரு?"

வீட்டுக்காரர் காலிச் செம்போடு என்னைப் பார்த்தார். கண்ணால் கெஞ்சினார். அங்கம்மாவுக்குச் சொன்னது போல இவளுக்கும் சொல்லலாம். சொல்ல எனக்குத் தெரியும், எத்தனையோ பிள்ளைகளுக்கு எத்தனையோ விஷயம் விளங்க வைத்தவள்தான் நான்.

"அரிசி மாவு ஒட்டிகினு இருந்துச்சுடா கண்ணு" என்றேன்.

தன் விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "எனக்கு ஒட்டலியே?"

"நீ சின்னப் பொண்ணு. உனக்கு ஒட்டாது."

"ஆங்" என்று தலையை ஆட்டிவிட்டு, சிலேட்டைத் தூக்கிக்கொண்டு அக்காவிடம் காட்ட ஓடினாள். நம்பிவிட்டாள். அவள் அம்மா டீச்சர், டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.